வித்தவுட் சார்

தஞ்சாவூரோ கும்பகோணமோ மன்னார்குடியோ, எந்த அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் காலை பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். டீக்கடைத் தம்பி தூக்குப் பாத்திரத்தோடு வாசலில் நின்று, "எத்தனை காபி, எத்தனை டீ, எத்தனை வித்தவுட்?" என்று கேட்பான். சர்க்கரைக்காரர்கள் பலர் கண்ணைக் காட்டியே சொல்லிவிடுவார்கள். ஒருவர் மட்டும் கையைத் தூக்குவார். அவர்தான் வித்தவுட் சார். கண்காணிப்பாளர் பதவி, ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயது, திருவையாற்றுப் பக்கம் அரை வேலி நிலம், சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை.

காபியில் சர்க்கரையை விடுவது பெரிய காரியமில்லை. சோற்றை விட வேண்டுமே! ஆடுதுறையில் 1922 முதல் ஆராய்ச்சி நிலையம் வைத்து நெல்லுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருக்கிற சீமை இது. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தார்களா இல்லையா என்பதை வைத்துத்தான் இங்கே கல்யாணத்துக்கே தேதி பார்ப்பார்கள். இந்த ஊரில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு "எனக்குச் சோறு வேண்டாம்" என்றால், யாரோடு சண்டை என்றுதான் கேட்பார்கள்.

விஷய ஞானத்தில் சாரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. இந்தியாவில் சர்க்கரைக்காரர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர் ஆய்வு வெளியானபோது, அதில் தானும் ஒருவர் என்கிற மாதிரி ஒரு பெருமையோடு பேப்பரை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். "நாம திங்கறதுல முக்கால்வாசி மாவுச்சத்து தம்பி. அதைப் பாதியாக் குறைச்சு, பருப்பு, முட்டைன்னு புரதத்தை ஏத்தணும்" என்பார். சரியான பேச்சு. ஆராய்ச்சிக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். பேசி முடித்த கையோடு உளுந்து வடை இரண்டு உள்ளே போகும். கேட்டால், "உளுந்து பருப்புதானே? புரோட்டீன்." திருவையாற்று அசோகாவுக்கும் இதே நியாயம்தான். அதன் ஆதாரம் பாசிப்பருப்பு என்பது அவருக்கு ஞாபகம் இருக்கும். கூடவே விழுந்த சர்க்கரை ஞாபகம் இருக்காது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் அவர் சட்டத்தில் இனிப்பே அல்ல. டாக்டர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் டாக்டர்களை யார் கேட்டது?

அவருடைய உண்மையான சத்திய சோதனை மாசக் கடைசியில் வரும். அரசாங்கத்தில் யார் ஓய்வு பெற்றாலும் மாதத்தின் கடைசி நாளில்தான். மாலை, சால்வை, மோதிரம், அதற்கு முன்னால் மத்தியானம் இலைச் சாப்பாடு.

சார் உட்காரும் இடமே யோசித்துத் தேர்ந்தெடுத்தது. பந்தியின் கடைசி இலை. சோற்றுத் தட்டு அங்கே வந்து சேர்வதற்குள் காலியாகிவிடும், பரிமாறுகிறவர் உள்ளே திரும்பிப் போவார் என்பது கணக்கு. அவர் போவார்தான். ஆனால் புதுத் தட்டோடு வரும்போது, விட்ட இடம் இதுதானே என்று கடைசி இலையிலிருந்தே ஆரம்பிப்பார். சார் இரண்டு கையாலும் இலையை மறைப்பார். "ஒரு கரண்டி தம்பி... அரைக் கரண்டி... பருப்புக்கு மட்டும்." பரிமாறுகிறவருக்கு அரைக் கரண்டி என்று ஓர் அளவு இருப்பதே தெரியாது. விரலிடுக்கு வழியாகவே ஒரு குன்று விழும்.

பொரியலை வைத்தே வயிற்றை நிரப்பிக்கொள்ளலாமே என்றால், நம் பந்தியில் பொரியல் வாளி ஒரு தரம்தான் வரும். சோற்றுத் தட்டு மூன்று தரம் வரும். அவரைக்காய் வேண்டும் என்று சார் கழுத்தை நீட்டித் தேடுவார். அவரைக்காய்க்காரர் அந்நேரம் கைகழுவிவிட்டு அடுத்த பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருப்பார். மோருக்குச் சோறு வாங்க மாட்டார், அதில் மட்டும் வைராக்கியம். உள்ளங்கையைக் குழித்து மோரை வாங்கி, முழங்கை வரை வழியவிட்டு உறிஞ்சுவார். அந்தச் சத்தத்தில் பாதி ஏக்கம்.

இப்போது சில இடங்களில் இலைக்குப் பதில் பிரியாணிப் பொட்டலம். அதில் சார் முட்டையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை டிரைவருக்குத் தள்ளிவிடுவார். டிரைவருக்கும் சுகர்.

ஓய்வு வயதை அரசாங்கம் 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆக்கியது. அடுத்த வருஷம் 60 ஆக்கியது. ஏறக்குறைய இரண்டு வருஷம் வயதாகி வீட்டுக்குப் போவோர் இல்லை, விருந்தும் இல்லை. கொரோனாவும் சேர்ந்துகொண்டது. சாருக்கு வாழ்நாளில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது அந்த இரண்டு வருஷம்தான் என்பது என் அபிப்பிராயம். நடைப்பயிற்சி என்பது அவர் அபிப்பிராயம்.

முன்பெல்லாம் டெஸ்டுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்றிவிடுவார். ஹெச்பிஏ1சி வந்து அந்தப் பிழைப்பைக் கெடுத்தது. அது ரத்தத்தில் கிட்டத்தட்ட மூன்று மாசச் சர்க்கரையின் கணக்கு. குறுவை விதைத்ததிலிருந்து அறுக்கிற வரைக்கும் உள்ள காலம். இடையில் வந்த ஆடிப்பெருக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். "கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17-க்கு மேல போனா மூட்டையைத் திருப்பற மாதிரி, 7-க்கு மேல போனா உங்களைத் திருப்பிடறாங்க சார்" என்றான் எங்கள் ஜூனியர் அசிஸ்டென்ட். சார் சிரிக்கவில்லை. அந்த வருஷம் அவருடைய நெல்லும் திரும்பி வந்து களத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேன்டிங்கின் பிறந்தநாள். நேரு பிறந்ததும் அன்றுதான், குழந்தைகள் தினமும் அன்றுதான் என்பதால் சிக்கல். ஒரு வருஷம் காலையில் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தோம். சாரே வரவேற்புரை, வெள்ளை அரிசியைக் கிழிகிழியென்று கிழித்தார். முடிந்ததும் ஆளுக்கொரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள்: மைசூர்பாகு, மிக்சர், சமோசா. மத்தியானம் டைப்பிஸ்ட் அம்மா, மகன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினான் என்று சாக்லேட் நீட்டினார். "அப்புறம் சாப்பிடறேம்மா" என்று சார் மேசை டிராயரில் போட்டார். அந்த டிராயர் வரைக்கும் எறும்புகள் நிரந்தரமாகவே ஒரு பாதை போட்டு வைத்திருக்கின்றன. பழைய கோப்புக்கு அடியில் லட்டு, பேடா, யாரோ வீட்டுக் கிரகப்பிரவேசப் பாதுஷா. அவர் அதைத் தின்றதில்லை, எறிந்ததும் இல்லை. எண்ணி மட்டும் வைத்திருந்தார்.

போன மாசம் அவரே ஓய்வு பெற்றார். மெனுவை அவரே எழுதிக் கொடுத்தார்: வரகரிசிச் சாம்பார் சாதம், தினைப் பாயசம், கறிகாய் நாலு வகை, பொரியல் இரண்டு தரம் வர வேண்டும். சமையல் மாஸ்டர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "வந்தவங்க சாப்பிட என்ன சார் போடறது?" என்று கேட்டார். பேச்சுவார்த்தை நடந்து கடைசியில் சாதமும் வைப்பது என்று முடிவாயிற்று.

மேடையில் சங்கத்தின் சார்பில் மோதிரத்தோடு ஒரு 25 கிலோ சிப்பத்தையும் தூக்கிவந்து வைத்தார்கள். மாப்பிள்ளை சம்பா. "சுகருக்கு நல்லது சார்" என்றார் செயலாளர். எல்லோரும் கைதட்டினோம். சார் மைக்கை மறந்து குனிந்து, சாக்கின் வாயைப் பிரித்து நாலு அரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் இருந்த வீட்டுக்கார அம்மாளைப் பார்த்துச் சொன்னார். மைக் அணைக்கவில்லை. "புதுசுடி. ஆறு மாசம் போகட்டும். குக்கர்ல போட்றாதே, வடிக்கணும். வடிச்சா ஏறாது."