பேனா இரண்டு கொண்டு போங்கள்

மலேசியாவில் லாக்கப்பில் சாகலாம். அதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. செத்ததை யாராவது எழுதி வைத்தால்தான் சிக்கல்.

1995இல் ஐரின் பெர்னாண்டஸ் எழுதி வைத்தார். சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர். ரப்பர் தோட்டத் தொழிலாளியின் மகள். தெனாகனித்தா என்ற தொழிலாளர் உரிமை அமைப்பைத் தொடங்கியவர். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் அடைபட்டுக் கிடந்து வெளியே வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் கேட்டுக் கேட்டுத் திரட்டி, அடி, பட்டினி, பாலியல் கொடுமை எல்லாவற்றையும் ஒரு மனுவாக்கி அரசாங்கத்திடம் நீட்டினார். செமினி முகாமில் 59 பேர் செத்திருக்கிறார்கள், பெரும்பாலும் வங்காளதேசிகள் என்று பத்திரிகையாளர்கள் சிலர் தோண்டி எடுத்திருந்தார்கள். அவர்கள் பத்திரிகை அதைப் போடவில்லை. தகவல் ஐரின் கைக்கு வந்தது.

எதில் செத்தார்கள்? டைபாய்டு. பெரிபெரி.

பெரிபெரி! 1905இல் இதே கோலாலம்பூரின் மனநோயாளர் விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் சோதித்துப் பார்த்த நோய். தீட்டிய பச்சரிசி தின்றவர்களுக்கு வந்தது, புழுங்கலரிசி தின்றவர்களுக்கு வரவில்லை. தோட்டத்துத் தமிழன் தப்பியதும் புழுங்கல் சோற்றால்தான். உலக மருத்துவத்துக்கு நம் ஊர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. தொண்ணூறு வருடம் கழித்து, இரட்டைக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் அதே நோயில் மனிதர்கள் செத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைக்கவாவது சோறு வேண்டும்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. நடவடிக்கை எடுத்தது. 1996 மார்ச்சில் ஐரினைக் கைது செய்தது.

சட்டம்: 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். குற்றம்: கெட்ட எண்ணத்தோடு பொய்ச் செய்தி வெளியிட்டது. வழக்கு ஏழு வருடத்துக்கு மேல் இழுத்தது. நாட்டிலேயே மிக நீண்ட வழக்கு என்று பேர் வாங்கியது. அத்தனை வருடமும் முகாமுக்கு அல்ல, மனுவுக்குத்தான் பிரேதப் பரிசோதனை நடந்தது. 2003 அக்டோபரில் பன்னிரண்டு மாதச் சிறை என்று தீர்ப்பு. ஜாமீனில் வந்தார். தண்டனை பெற்றவர் என்பதால் 2004 தேர்தலில் நிற்க முடியவில்லை. 2005இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருது கிடைத்தது. வெளிநாடு அவருக்கு விருது கொடுத்தது, உள்நாடு அவருடைய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டது.

மேல்முறையீட்டில்தான் உண்மையான நகைச்சுவை. கீழ் நீதிமன்றத்தின் சாட்சிக் குறிப்புகள் பிழை மலிந்து, அரைகுறையாக, படிக்கவே லாயக்கில்லாமல் இருந்தன. பொய்யாக எழுதினார் என்று ஒரு பெண்ணைத் தண்டித்த அரசுக்கு, அந்தத் தண்டனையின் கதையையே ஒழுங்காக எழுதி வைக்கத் தெரியவில்லை. 2008 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. பதிமூன்று வருடம். ஒரு மனு.

இந்த அச்சகச் சட்டத்தை மறந்துவிடாதீர்கள். 2023 மே மாதம் அது பேரங்காடிகளுக்குள் நுழைந்தது. பால்புதுமையினரின் அடையாளமான வானவில் நிறத்தில் இருந்த 172 ஸ்வாட்ச் கைக்கடிகாரங்களைப் பிடித்துக்கொண்டு போனது. மதிப்பு 64,795 வெள்ளி. மணி பார்க்கிற சாமானை ‘வெளியீடு’ என்று கண்டுபிடித்த மேதை யாரோ! முதலில் கைது, ஆகஸ்டில் தடை. அந்தக் கடிகாரத்தை இறக்குமதி செய்தாலோ விற்றாலோ மூன்று வருடம் வரை சிறை. பிடித்த நாளில் தடையே இல்லையே, திருப்பிக் கொடு என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது.

கடிகாரத்துக்கு நீதி கிடைத்தது. நிஷா அயூப்புக்கு? 2000இல், பெண் உடை உடுத்திய குற்றத்துக்காக அந்தத் திருநங்கையை மூன்று மாதம் ஆண்கள் சிறையில் போட்டார்கள். உள்ளே அவருக்கு நடந்ததை அவரே வெளியே வந்து சொன்னார். 2016இல் வீரப் பெண்களுக்கான விருதை அமெரிக்கா கொடுத்தது. 2018இல் பினாங்கில் ஒரு கண்காட்சிச் சுவரில் அவர் படம் தொங்கியது. கழற்றச் சொல்லி அமைச்சரிடமிருந்து உத்தரவு வந்தது. ஆளை உள்ளே போட்டால் போதாது. படத்தையும் கழற்ற வேண்டும்.

படம் என்றால் இவர்களுக்கு அத்தனை பயம். 2005இல் ஒரு கைபேசி வீடியோ வெளிவந்தது. லாக்கப்பில் ஒரு பெண்ணை நிர்வாணமாக்கித் தோப்புக்கரணம் போட வைக்கிறார்கள். சீன நாட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டு, எங்களைக் கொடூரமானவர்கள் என்று எண்ணும் வெளிநாட்டினர் ஊருக்குப் போகலாம் என்றார் ஒரு துணையமைச்சர். விசாரித்தால் அவள் மலேசியப் பெண். எந்த ஊருக்குப் போவாள்?

2019இல் பன்னிரண்டு பேரை விடுதலைப்புலித் தொடர்பு என்று சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். புலி இயக்கம் முள்ளிவாய்க்காலில் முடிந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஆதாரங்களில் ஒன்று, கைபேசியில் பிரபாகரன் படம். பிடிபட்டவர்களில் இருவர் ஆளுங்கூட்டணியின் சட்டமன்ற உறுப்பினர்கள், சாமிநாதனும் குணசேகரனும். கொடுங்கோல் சட்டங்களை ஒழிப்போம் என்று ஓட்டுக் கேட்டு வந்த கூட்டணி அது. ஒழிக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் சொந்த ஆட்கள் மேல். 2020 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. சொஸ்மா கைவிடப்படவில்லை.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். தோரண வாயில், நீரூற்று, இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சேர்ந்து திறந்து வைத்த லிட்டில் இந்தியா. அங்கே ஒரு போலீஸ் நிலையமும் உண்டு. 2009 மே மாதம் அதன் வாசலில் மெழுகுவத்தி ஏந்தியவர்களைப் பிடித்தார்கள். கட்சிக்காரர்களைப் பார்க்க வேண்டும் என்று சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞர்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஐவரையும் பிடித்தார்கள். வக்கீலுக்கு வக்கீல் தேட வேண்டியதாயிற்று.

அதே வருடம் ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் குகன் என்ற இளைஞர் செத்தார். முதல் பரிசோதனை நுரையீரலில் நீர் என்றது. குடும்பம் விடவில்லை. இரண்டாவது பரிசோதனை உடம்பில் 45 காயங்களை எண்ணியது. 2013இல் உயர்நீதிமன்றம் 801,700 வெள்ளி இழப்பீடு விதித்தது. குகன் செத்தபோது சிலாங்கூர் போலீஸ் தலைவராக இருந்தவர், தீர்ப்பு வந்தபோது நாட்டுக்கே போலீஸ் தலைவர்.

கிள்ளான், 2017 பிப்ரவரி. போலீஸ் காவலில் இருந்த பாலமுருகனின் கோலத்தைக் கண்ட மாஜிஸ்திரேட் தடுப்புக்காவலை நீட்டிக்க மறுத்து, மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொன்னார். கொண்டு போனார்கள், நிலையத்துக்கு. அன்றிரவே செத்தார்.

போலீஸைக் கண்காணிக்கச் சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று 2005இல் அரச விசாரணை ஆணையம் சொன்னது. பதினெட்டு வருடம் யோசித்து 2023இல் ஒன்றைக் கொடுத்தார்கள். அது தண்டிக்காது, பரிந்துரைக்கும். போலீஸ் நிலையத்துக்குப் போவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகும், பெண் பார்க்கப் போவதுபோல.

ஐரின் 2014 மார்ச்சில் காலமானார். இந்நாடு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பானதல்ல என்று ஓர் இந்தோனேசியப் பத்திரிகையிடம் சொன்னதற்காக, 2012இலும் தேச நிந்தனை என்று அவரை விசாரித்தார்கள். 1984 சட்டம் நலமாக இருக்கிறது.

உங்கள் பிள்ளையை என்றாவது ஒரு போலீஸ் நிலையத்தில் தேடிப் போக நேர்ந்தால், தேதியை எழுதுங்கள். நேரத்தை எழுதுங்கள். மேசையில் இருந்தவரின் எண்ணை எழுதுங்கள். பேனா இரண்டு கொண்டு போங்கள். ஒன்றைப் பறிமுதல் செய்வார்கள்.