உளுவத்தலையனுக்கு மோட்டார் மாட்டப் போறவனே

பார்சல் பெட்டிய ஒடச்சி திண்ணை பூரா வயரா பரத்திப் போட்டிருக்கியே, தெருவுல போறவன் வாறவன் பாத்தா உள்ள என்னமோ பெரிய ஆராய்ச்சி நடக்குன்னு நெனப்பான். நல்லதுதான். அந்தப் பேருக்காவவே பாதிப் பயலுவ இந்த ஆர்டுயினோ பலகைய வாங்குதானுவ.

தோல்பாவைக்கூத்துல வாற உளுவத்தலையனையும் உச்சிக்குடும்பனையும் நீ மோட்டார்ல ஆட்டப் போறியாமே. ஆளு கிட்ட வந்தா பாவை தலைய ஆட்டும், கைய ஓங்கும். கொள்ளாம். உன் புஸ்தகத்த நானும் பொரட்டிப் பாத்தேன். இந்த ஆர்டுயினோ 2005-ல இத்தாலியில இவ்ரேயாங்கிற ஊருல, டிசைன் படிக்கிற பிள்ளைகளுக்காவ செஞ்சது. பேரு, அவனுவ கூடிப் பேசின பாரோட பேரு. அந்தப் பாருக்கு ஆயிரம் வருசத்துக்கு முந்தின ஒரு ராசா பேரு. அதனால எலக்ட்ரானிக்ஸ் தெரியாதேன்னு மருகாத. அந்தப் பலகை தெரியாதவனுக்குன்னே பொறந்தது.

மொதல்ல ஒரு எல்.ஈ.டி.ய எரிய விடுன்னு சொன்னா உனக்குக் கௌரவக் கொறைச்சல். நேரே மோட்டாருக்குப் போ. அப்பிடியே எல்.ஈ.டி. மாட்டுனாலும் ரெசிஸ்டர் போடாத. 220 ஓம் ஒண்ணு நடுவுல வச்சா கரண்டு 14 மில்லிஆம்பியருக்குள்ள அடங்கிரும், எல்.ஈ.டி.யும் பொழச்சுக்கிடும், பெறவு கருகுன வாடை இல்லாம என்ன படிப்பு? சர்வோ மோட்டாரையும் பலகையோட 5 வோல்டுலயே மாட்டு. பாவை கைய ஓங்குத நேரம் மோட்டார் ஒரே இழுப்பா இழுக்கும், வோல்டு எறங்கும், பலகை மயங்கி விழுந்து மறுபடி ஆதியில இருந்து தொடங்கும். நீ விடிய விடிய புரோகிராமைத் திட்டிக்கிட்டு இரி. மோட்டாருக்குத் தனி சப்ளை, மைனஸ் மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுன்னு, பம்புசெட்டுக்குக் காயில் கட்டியே கை காய்ச்சுப்போன கெழவன் சொன்னா கேப்பியா? போன்ல எவனாவது சொல்லணும்.

அது கெடக்கட்டும். திருவனந்தபுரத்துல பத்மநாபசாமி கோயிலுக்கு எதிர்த்தாப்புல மேத்தன் மணி இருக்கு. சுவாதித் திருநாள் ராசா காலத்துச் சரக்கு. மணிக்கு மணி தாடிக்காரன் வாயத் தொறப்பான், ரெண்டு ஆட்டுக்கடா அவன் கன்னத்துல வந்து முட்டும். பாக்க ஆளு நிண்ணாலும் முட்டும், நிக்காட்டியும் முட்டும். சுசீந்திரத்துல தாணுமாலயன் கோயில் தூணு அப்பிடி இல்ல. ஒரே கல்லுல கொத்தா குடைஞ்சது, தட்டினாத்தான் சுரம் சொல்லும். நீ செய்யப் போறது ஆட்டுக்கடாவா, தூணா? அதச் சொல்லு லேன்னு கேட்டா மோட்டார் கணக்குச் சொல்லுத.

கூத்துக்காரரைப் பாத்திருக்கியா? வெள்ளைச் சீலைக்குப் பின்னால ஒத்த ஆளு. அத்தனை பாவையும் அவரு கையில, அத்தனை கொரலும் அவரு தொண்டையில. பாவையச் சீலையோட ஒட்டி வச்சா நெழலு வெட்டுன மாதிரி தெரியும், பின்னால இழுத்தா பெருத்துக் கலங்கும். ஆனா காது பூரா சீலைக்கு இந்தப் பக்கம். பிள்ளைக சிரிச்சா உளுவத்தலையனுக்கு இன்னும் நாலு அடி கூட விழும். கொட்டாவி கேட்டா சண்டைக் காட்சிக்குத் தாவிருவாரு.

உன் பலகைக்கு அந்தக் காது வேண்டாமா? ரெண்டு வட்டக் கண்ணு வச்ச அல்ட்ராசோனிக் சென்சார் வாங்கியிருக்க. கண்ணுன்னு நெனச்சிராத. ஒண்ணு வாயி, மத்தது காது. வாயி 40 கிலோஹெர்ட்ஸ்ல கூவும், நமக்குக் கேக்காது, காது எதிரொலியப் பிடிக்கும். போயிட்டு வந்த மைக்ரோசெகண்டை 58-ஆல வகுத்தா சென்டிமீட்டர். வீட்டுச் சுவத்தக் காட்டி அளந்தா அச்சுக் கொலையாம வரும். அம்மன் கோயில் கொடையில கொண்டு வச்சுப் பாரு. துணி பாதிச் சத்தத்தை விழுங்கும், சாஞ்சு நிக்கவன் மேல பட்டது வேற பக்கம் தெறிக்கும், உன் பாவைக்கு வாதம் வந்த மாதிரி கை வெட்டும். அஞ்சாறு தரம் அளந்து, வரிசைப்படுத்தி, நடுவுல உள்ளத எடு.

இன்னொண்ணு. 'டிலே 3000'ன்னு எழுதி வச்சிருக்க. மூணு செகண்டு பலகை கட்டையாக் கெடக்கும். அதுக்குள்ள வந்த பிள்ளை மூஞ்சியப் பாத்துட்டுப் பஞ்சுமிட்டாய்க்காரன் பின்னால போயிரும். 'மில்லிஸ்'ன்னு ஒரு கடிகாரம் உள்ளயே ஓடுது, அதப் பாத்துப் பாத்து வேலை செய்ய வை. சோம்பேறித்தனத்துக்கு டிலேதான் சொகம், அது எனக்கும் தெரியும்.

தோல் பாவையில ஆணி அடிச்சிராத லேய், அட்டையில வெட்டு. பெறவு கூத்துக்காரர் வீட்டுக்குப் போயி, மணிக்கட்டு எவ்வளவு சாயுதுன்னு கிட்ட இருந்து பாத்து எழுதிக்கோ. உன் சர்வோ 180 டிகிரி திரும்பும், அவரு அதுல பாதி கூட திருப்ப மாட்டாரு, பாத்துக்கோ. வெறுங்கையோட போவாத, வடசேரிச் சந்தையில ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கு. ரெண்டா வாங்கு மக்கா. ஒண்ண இஞ்ச வச்சிட்டுப் போ.