கை விரிக்கும் கனவான்

எங்கள் ஊர் கிரிக்கெட் அம்பயர் மைதானத்துக்குள் பிரவேசிக்கும்போது காலை மணி ஏழு. ஆட்டம் தொடங்குவது என்னவோ ஒன்பதரைக்குத்தான். இடைப்பட்ட நேரம் முழுவதும் அவருடைய அலங்காரத்துக்கே சரியாகப் போய்விடும். மைத்துனர் வேலை பார்க்கும் சிமெண்டு ஆலையிலிருந்து இரவலாக வந்து, திரும்பிப் போகும் எண்ணத்தை நெடுநாள் முன்பே விட்டுவிட்ட மஞ்சள் ஹெல்மெட் சிரசில். இடது முழங்கையில், பெயிண்ட் வாளியின் மூடியைத் துளையிட்டு நாடா கோத்துச் செய்த கேடயம். முழங்காலுக்குக் கீழே இரண்டு பேடுகள், அவற்றில் ஒன்று இடக்காலுக்கானது, மற்றொன்றும் இடக்காலுக்கானதே. இத்தனையும் எதற்காக என்று வெளியூரார் எவரேனும் கேட்டுவிட்டால் நாம் தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: எதிரே வரப்போவது டென்னிஸ் பந்து.

ஆனால் அவரைக் கேட்டால் அவர் தலைகுனிய மாட்டார். “திண்டுக்கல்லுல என்ன நடந்துச்சுன்னு தெரியுமாடா தம்பி?” என்றுதான் ஆரம்பிப்பார். நடந்தது உண்மையே. 2015 டிசம்பரில் திண்டுக்கல்லில் தமிழ்நாடும் பஞ்சாபும் ஆடிய ரஞ்சிப் போட்டியில், பரிந்தர் சரண் நேராக அடித்த பந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த அம்பயர் ஜான் வார்டின் தலையைத் தாக்கிற்று; அடுத்த மாதமே கான்பெராவில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஒரு நாள் ஆட்டத்தில் அந்த மனிதர் ஹெல்மெட்டுடன் வந்து நின்றார். புரூஸ் ஆக்ஸன்போர்டு என்ற மற்றோர் ஆஸ்திரேலியர் 2016-இல் கையில் ஒளி ஊடுருவும் கேடயம் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றதையும் உலகம் பார்த்தது. பெயிண்ட் வாளி மூடியின் மூதாதை அதுதான். இன்னும் விட்டால் அமெரிக்காவுக்கே போய்விடுவார். பேஸ்பால் ஆட்டத்தில் பிரதான அம்பயர், பந்தைப் பிடிப்பவனின் முதுகுக்குப் பின்னே குனிந்து நிற்கிறார். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கெட்டிப் பந்து மட்டையில் உராய்ந்து திசை மாறினால் நேரே அவர் முகத்துக்குத்தான் வரும். ஆகவே அங்கே கம்பி முகமூடியும் மார்புக் கவசமும் கணைக்கால் காப்பும் நியாயமானவை. தண்ணீர் வற்றிய ஏரிக்குள், லாரிகள் கிளப்பும் சுண்ணாம்புத் தூசிக்கு நடுவே, எட்டு ஓவர் ஆட்டத்துக்கு அவை எப்படி நியாயமாகும் என்பதை மட்டும் அவர் விளக்குவதில்லை.

கவசத்தையாவது மன்னித்துவிடலாம், மன்னிக்க முடியாதது அவருடைய வைடு. நம் ஊர்ப் போட்டிகளில் எல்.பி. கிடையாது என்பது எல்லோரும் அறிந்த சம்பிரதாயம். போல்டு ஆனால் ஸ்டம்பே சொல்லிவிடும். கேட்ச் பிடித்தால் பிடித்தவன் கத்துகிற கத்தலே தீர்ப்பாகிவிடும். ரன் அவுட்டையோ கரையில் நிற்கும் ஜனங்கள் ஏகமனதாக முடிவு செய்துவிடுவார்கள். ஆகவே ஒரு நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் மனிதருக்கு, தம்முடைய சுயேச்சையான அபிப்பிராயத்தை வெளியிடக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் வைடு. அந்தச் சந்தர்ப்பத்தை அவர் இரண்டு வினாடியில் செலவழித்துவிடுவாரென்று எதிர்பார்ப்பது பேதைமை. பந்து மட்டையாளனின் விக்கெட்டைக் கடந்த உடனே வைடு சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த ‘உடனே’ எத்தனை வினாடி என்று விதி சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் அவர் வாழ்கிறார். முதலில் மௌனம். பிறகு, பந்து போன பாதையைக் கண்ணால் ஒருமுறை அளந்து பார்ப்பார். பிறகு ஒரு பெருமூச்சு. பந்து வீசியவனுடைய வருங்காலத்தை எண்ணி விடுகிற பெருமூச்சு. அதன் பிறகே, தோளில் தொடங்கி, முழங்கைக்கு வந்து, மணிக்கட்டில் சற்றே தங்கி, விரல் நுனி வரை விஸ்தாரமாக இரண்டு கைகளும் விரிந்து முடிய, அவர் சோளக்கொல்லைப் பொம்மையாக நிற்பார்.

நிற்பார் என்றால், நிற்பார். ஒவ்வொரு சமிக்ஞையையும் ஸ்கோர் எழுதுபவர் கண்டுகொண்டதாகத் தெரிவிக்கும் வரை அம்பயர் காத்திருக்க வேண்டும் என்று கிரிக்கெட் விதிகள் சொல்வது மெய்தான். ஆனால் அந்த விதியை எழுதியவர்களுக்கு எங்கள் ஸ்கோரரைத் தெரியாது. சாமியானா பந்தலில் அமர்ந்திருக்கும் அந்தப் பையனே வர்ணனையாளன். அவனே ஆயிரத்தொரு ரூபாய் அன்பளிப்பு வழங்கிய நல்ல உள்ளங்களின் பெயர்களை மைக்கில் வாசிப்பவன். அவனே மோர்ப் பந்தலுக்கும் பொறுப்பாளி. அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஓர் ஆட்டு மந்தை மிட்விக்கெட் வழியாகக் கடந்து போய்விடும். விரித்த கை விரித்தபடியே இருக்கும். மட்டையாளன் மட்டையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஒலிபெருக்கியில் “அம்பயர் அண்ணன் வைடு கொடுத்திருக்காரு!” என்று முழங்கினால்தான் அந்தக் கரங்கள் இறங்கும், அதுவும் ஒவ்வொன்றாக. நியூசிலாந்தின் பில்லி பௌடன் விரலைக் கோணலாக வளைத்து அவுட் கொடுத்ததற்கு மூட்டுவாதம் காரணம். நம்மவருக்குத் தெய்வ கிருபையால் எந்த வாதமும் இல்லை, பிடிவாதத்தைத் தவிர.

அந்தப் பிடிவாதம் இந்த மண்ணுக்கு ஒவ்வாதது. பெரம்பலூரிலிருந்து அரியலூரை 2001-இல் தனி மாவட்டமாகப் பிரித்து, 2002-இல் மறுபடி சேர்த்து, 2007-இல் திரும்பவும் பிரித்த அரசாங்கமே தன் தீர்ப்பை இருமுறை திருப்பிக்கொண்ட இடம் இது. அவரிடமோ மறுபரிசீலனை என்ற பேச்சே எழக் கூடாது.

“அண்ணே, பேட்ல பட்டுச்சுண்ணே! சத்தம் கேக்கலியா?”

“ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணும் கேக்கலடா தம்பி. வைடுதான்.”

இதுவரை வேடிக்கையாகச் சொன்னேன். இனிச் சொல்வது வேடிக்கையல்ல. போட்டியை நடத்துகிற அணியே இறுதி ஆட்டத்தில் பந்து வீசுமானால், அதன் கடைசி ஓவரில் அந்தக் கைகளுக்கு என்ன வந்துவிடுகிறது? காலையிலிருந்து ஒரு சாண் விலகிய பந்துக்கெல்லாம் விரிந்தவை, இப்போது கீப்பரே பாய்ந்து விழுந்து பிடிக்கிற பந்துக்கும் தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. நுழைவுக் கட்டணம் கட்டி, ஆளுக்கு இவ்வளவென்று போட்டு வாடகைக்கு எடுத்த குட்டியானையில் நின்றுகொண்டே பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள், இரண்டு ரன்னில் தோற்று, அதே வண்டியில் நின்றுகொண்டே திரும்பிப் போகிறார்கள். இதற்குத் திண்டுக்கல்லிலும் முன்னுதாரணம் கிடையாது, கான்பெராவிலும் கிடையாது. இது சுத்தமான அநியாயம்.

என்றாலும் அடுத்த ஆண்டும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். காரணம் எளிமையானது: ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கும் பெட்ரோல் காசுக்கும் சித்திரை வெயிலில் பொழுது சாயும் வரை நின்று, இரு தரப்பாரிடமும் வசவு வாங்க, இந்த இரண்டு மாவட்டத்திலும் வேறொருவர் முன்வருவதில்லை. காலையில் “சார்” என்று கும்பிட்டவன், பகலில் “அண்ணே” என்று இறங்கி, மாலையில் “யோவ்” என்று முடிப்பதை அவர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறார். இந்த ஒரு குணத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சென்ற முறை விழாக் குழுவினர் மனமிரங்கி, ‘சிறந்த நடுவர்’ என்று பொறித்த மரக் கேடயம் ஒன்றை மேடையில் அவருக்கு வழங்கினார்கள். அவர் அதை இரு கையாலும் வாங்கினார், பின்பக்கம் திருப்பினார், நாடா கோக்கத் துளை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார், இல்லையென்று தெரிந்ததும் குழுத் தலைவரைப் பார்த்து, இரண்டு கைகளையும் விரித்தார்.