மருமவனே, இந்தப் பக்கமே ஊதுங்க

வாங்க மருமவனே, உக்காருங்க. உங்க மாமியா எனக்குத் தங்கச்சி முறை வேணும். அந்த உரிமையில நாலு வார்த்தை சொல்லுதேன். கோவம் வந்தா வரட்டும், கட்டஞ்சாயா ஆறுறதுக்குள்ள குடிச்சிட்டு அப்புறமா கோவிச்சுக்கோங்க.

இன்னைக்குக் காலம்பற ஆறரைக்கு ஒரு சத்தம். யாரோ மந்திரி ஹெலிகாப்டர்ல வந்து எறங்குதாருன்னு வேட்டிய இறுக்கிக் கட்டிட்டு வெளிய ஓடியாந்தேன். பாத்தா நீங்க! முதுகுல ஒரு மிஷினு, கையில தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். அது ஊத ஊத சில்வர் ஓக்கு இலையெல்லாம் ஆகாசத்துல பறக்குது. ரெண்டு நிமிசத்துல உங்க வாசல் மாமியா வீட்டுக் கண்ணாடி கணக்கா ஆயிட்டுது. அம்புட்டு இலையும் எங்க போச்சுன்னு ஒரு யோசனை வந்துது எனக்கு. திரும்பி என் வாசலைப் பாத்தேன், யோசனை தீந்துட்டுது.

11,000 ரூவாயாமே அந்த ஊதி! எங்கிட்ட ஒரு வாரியல் இருக்கு, 80 ரூவா. அதுக்குப் பெட்ரோலும் வேண்டாம், ஊரை எழுப்புற கெட்ட பழக்கமும் கெடையாது. அமெரிக்கால வாஷிங்டன் நகரத்துல 2022 ஜனவரி மாசத்துலேர்ந்தே பெட்ரோல் ஊதிக்குத் தடைன்னு பேரன் போன்ல பாத்துச் சொன்னான். அவங்க கழிச்சுக் கட்டுறதை நாம காசு குடுத்து வாங்குறது புதுசா என்ன?

அது கெடக்கட்டும். உங்க ஓம்ஸ்டே வாசல்ல ஒரு போர்டு பாத்தேன். ‘இலையுதிர் காலச் சிறப்புச் சலுகை, அக்டோபர்’னு எழுதியிருக்கு. மருமவனே, அக்டோபர்ல மூணாத்துல துலாவர்ஷம் பெய்யும். குடை உதிரும், இலை உதிராது. இங்க சருகு விழுறது தையில உறைபனி அடிச்ச பெறவு, மாசி பங்குனியில. வெள்ளைக்காரன் தேசத்து மரம் குளிருக்குப் பயந்து இலையக் கொட்டும், நம்ம பக்கத்து மரம் தண்ணி பத்தாதேன்னு கொட்டும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்னு நம்ம பெரியவங்க ஆறு பொழுது வகுத்து வச்சாங்க. அதுல இலையுதிர் காலம்னு ஒண்ணு இல்ல. அது பள்ளிக்கூடப் புத்தகம் வழியா வந்து ஒட்டிக்கிட்ட காலம். உங்க போர்டுலயும் வந்து ஒட்டிக்கிட்டுது.

இந்த இலையக் கையில எடுத்துப் பாருங்க. மேல துருப்பிடிச்ச தகரம், புரட்டுனா வெள்ளிச் சரிகை. பேருல ஓக்கு இருக்கு, ஆனா ஓக்கு சாதியே இல்ல. ஆஸ்திரேலியாவுலேர்ந்து தேயிலைக்கு நெழலு குடுக்க வந்த மரம். ரோட்டோரம் பங்குனியில ஊதாவாப் பூக்குதே ஜக்கராண்டா, அது தென் அமெரிக்கா. நம்ம தாத்தா பூட்டன் சங்கரன்கோயில், கயத்தாறு. 1877-ல மன்றோ துரை பூஞ்சாத்துத் தம்பிரான்கிட்ட இந்த மலையக் குத்தகைக்கு வாங்குனப்ப இங்க இருந்தது முதுவாப் பழங்குடிதான். மத்தபடி நாம எல்லாரும், மரம் உட்பட, வந்தவங்கதான். இதுல ‘உன் மரத்து இலை என் வாசல்ல விழுது’ன்னு சண்டை போடுறதுக்கு யாருக்கு மருமவனே தகுதி இருக்கு?

ஊதி வேண்டாம்னா தீ வச்சிருவேன்னு போன வாரம் சொன்னீங்க பாத்தீங்களா, அதுக்குத்தான் கூப்புட்டேன். நானும் வச்சவன்தான். அப்ப எஸ்டேட்டு லயத்துல இருந்தோம். ஒரு மாசி மாசம், காலை ஏழு மணி, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போற அவசரம். வாசச் சருகைக் கூட்டிக் குமிச்சுக் குச்சியக் கிழிச்சுப் போட்டேன். அந்த நேரத்துல குளுந்த காத்து பள்ளத்துல படுத்துக் கெடக்கும், புகை மேல ஏறாது. பாய் விரிச்ச மாதிரி தரையோட நகந்து பக்கத்து வீட்டு நடை வழியா உள்ள பூந்துட்டுது. உள்ள பதினாறு நாள் பச்சப்புள்ள. அந்த வீட்டுக் கெழவி வெளிய வந்தா. ஒரு வார்த்தை பேசலை. குண்டான்ல இருந்த தண்ணிய என் தலையோட ஊத்துனா. தீ மேல ஊத்தல, கவனிங்க, தீ வச்சவன் மேல ஊத்துனா. அன்னைக்கு மூணாத்துல சரியான உறைபனி. நனைஞ்ச சட்டையோட பெரட்டுல நின்னேன், கங்காணி ‘என்னவே, குளிச்சிட்டு வந்துட்டீரா, விசேசமா?’ன்னு கேட்டார். அதுக்கப்புறம் நான் தீப்பெட்டியத் தொட்டது பீடிக்கு மட்டும்தான். இப்ப அதுவும் டாக்டர் நிறுத்திட்டார்.

இன்னைக்கு கெழவி இல்ல, சட்டம் இருக்கு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர்ல சொல்லிட்டுது. குப்பைய வெளியில எரிச்சா 5,000 ரூவா, பெருசா எரிச்சா 25,000. ஊதி வெலையும் சேத்தா நீங்க இன்னொரு ரூமே கட்டிரலாம். அந்தப் பக்கம் குண்டுமலைச் சரிவுல கிராண்டிஸ் யூக்காலி மரத் தோப்பு இருக்கு, அதோட சருகுல தைலம். ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11-ஆம் தேதி கொழுக்குமலையிலேர்ந்து குரங்கணிக்கு நடந்து எறங்குன புள்ளைங்களைக் காஞ்ச புல்லுல பத்துன தீ சூழ்ந்துட்டுது. இருவது பேருக்கு மேல போயிட்டாங்க. அந்த மலை நம்ம வீட்டுக்குப் பின்னாடிதான். இதுல வெளையாட்டுப் பேச்சு வராது எனக்கு.

சரி, ஓடையில தள்ளிரலாம்னு அடுத்து ஒரு புத்தி வரும் உங்களுக்கு. வராமலா இருக்கும், எனக்கே வந்துது! இது மேடு பள்ளமான காலனி மருமவனே. மேல் வீட்டு ஓடை கீழ் வீட்டுக்கு வாசப்படி. இடவப்பாதி மழை எறங்குறப்ப கலுங்கு வாயில ஒரு கூடைச் சருகும் ஒரு பிளாஸ்டிக் கவரும் சேந்தாப் போதும், கீழ நம்ம டீக்கடைக்காரர் பெஞ்சி மெதக்கும். மலையாளக் கணக்குக்கு 1099, இங்கிலீஷ்ல 1924. அந்த வெள்ளத்துல மாட்டுப்பெட்டிப் பக்கம் மண்ணும் மரமும் இடுக்குல அடைச்சு, பின்னால தண்ணி நெறஞ்சு, ஒடைச்சுக்கிட்டு எறங்கி மூணாறு டவுனையே வாரிட்டுப் போச்சுன்னு எங்க தாத்தா சொல்லுவார். டாப் ஸ்டேஷனுக்கு ஓடுன குண்டளவேலி ரயிலு அதோட முடிஞ்சுது. நீங்க தள்ளுறது ஒரு கூடைதான், ஒத்துக்கிடுதேன். மலை கணக்கு வைக்கிறப்ப கூடையா கணக்கு வைக்காது.

இன்னொண்ணு. சருகோட சேத்து அடுக்களைக் கழிவையும் பின்பக்கம் கொட்டுதீங்க, நான் பாத்தேன். தர்பூசணித் தோலு, பழுத்த வாழைப்பழம். நம்ம காட்டானை படையப்பாவுக்கு அழைப்பிதழ் அடிச்சு வைக்கிற மாதிரி அது. ரஜினி படம் 1999-ல வந்து போயிட்டுது, இந்தப் படையப்பா தும்பிக்கையோட இன்னும் ஓடிட்டிருக்கான். கல்லாறு குப்பைக் கெடங்குல காய்கறிக் கழிவு தின்னு ருசி கண்டவன். அவன் வந்தா உங்க வேலி, என் வேலின்னு பாகுபாடு பாக்க மாட்டான். அந்த விசயத்துல அவன் நம்மளைவிட நல்லவன்.

அப்ப என்னதான் செய்யுறதுன்னு கேக்குதீங்க. வாங்க, பின்பக்கம் காட்டுதேன். இந்தா, மூணு குமி. இது ஜக்கராண்டா, பொடி இலை, ஒரு மழைக்காலத்துல மக்கிரும். இது உங்க சில்வர் ஓக்கு. காம்பு கெட்டி, அப்படியே போட்டா லேசுல மக்காது. வெட்டரிவாளால நறுக்கி, சாணிக் கரைசல் தெளிச்சு, மூணு வாரத்துக்கு ஒருக்கப் பெரட்டி விடணும். கிராண்டிஸ் சருகைக் கிட்டயே சேக்குறதில்ல. அடிவாரத்துல மூணு மாசத்துல ஆகுற வேலை இந்தக் குளிருக்கு எட்டு மாசம் எடுக்கும். அவசரப்பட்டா நடக்காது, ஊதியும் கேக்காது. கைய உள்ள விட்டுப் பாருங்க, பயப்படாதீங்க, சூடு தெரியுதா? உங்க வீட்டு கெய்சர் மாதிரி, கரண்டு பில்லு மட்டும் வராது.

அந்தக் கொடி பீன்ஸ் இதுலதான் நிக்குது. போன வருசம் உங்க வேலைக்காரப் பையன் வேலி இடுக்கு வழியா நைசா இந்தப் பக்கம் தள்ளி விட்ட இலை அது. தெனமும் ரெண்டு கூடை. நான் பாக்காத மாதிரி படுத்துக் கெடந்தேன். நேத்து ராத்திரி பெங்களூர்லேர்ந்து வந்த அம்மா பொரியலைத் தின்னுட்டு, இந்த பீன்ஸ் எங்க வெளையுதுன்னு கேட்டாங்களாமே? நீங்க வட்டவடைன்னு சொன்னீங்களாம். நல்லது, சொல்லிக்கோங்க. என் பேத்தி கிலோ 70 ரூவான்னு உங்க அடுக்களை வாசல்ல குடுத்துட்டுத்தான் வாரா.

நாளைக்கும் ஊதுவீங்கல்ல? ஊதுங்க. ஏழரைக்கு மேல வச்சிக்கோங்க, அதுவரைக்கும் நான் தூங்கிக்கிடுதேன். அப்புறம் குழாயைக் கொஞ்சம் எடதுகைப் பக்கம் திருப்பிப் பிடிங்க, குமி அங்கதான் இருக்கு. இன்னைக்கு அள்ளிட்டுப் போக எனக்கு இடுப்பு வலி எடுத்துட்டுது.