நடக்காதவர் நடத்தும் நடைபயணம்

புரட்டாசியில் உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு நடக்கும் நண்பர் குழுவில் ஒருவர் மட்டும் நடப்பதில்லை. அவர்தான் பின்னால் வேன் ஓட்டி வருபவர். லைசென்ஸ் இருப்பதை டீக்கடையில் வாய்தவறிச் சொன்னதே அவருடைய தகுதி.

காஞ்சிபுரம், அரக்கோணம், திருத்தணி, புத்தூர் என்று வழிநெடுகச் செருப்பு மூட்டை, தைலம், புளிசாதம், எல்லார் செல்போனுக்கும் சார்ஜ், எல்லாம் அவர் பொறுப்பு. "மெதுவா வாடா மாப்ளே" என்பார்கள். அதைவிட மெதுவாகப் போக ஃபர்ஸ்ட் கியருக்கே தெரியாது.

அலிபிரியில் சுமார் 3,550 படிகளை அவர்கள் கோவிந்தா சொல்லி ஏறும்போது, இவர் மலைப்பாதை வளைவுகளில் அதே கோவிந்தாவை இன்னும் உருக்கமாகச் சொல்கிறார். மேலே போனதும், "உனக்கென்னடா, உக்காந்தே வந்துட்டே!"

புண்ணியத்தை அங்கேயே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். டீசல் காசு மட்டும் "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்".

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச்சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதக்கூடாது என்கிறது. அந்த விதியைப் பாதயாத்திரைக்கும் நீட்டினால், அடுத்த புரட்டாசியில் வேன் மட்டும்தான் திருப்பதி போகும்.