உப்புநீர் செய்த அற்புதம்

தயிர் சாதம் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளைக்கு மீன் எண்ணெய் கொடுக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் தாளித்தாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை அது. யோசனை சொன்னவர் பெரியப்பாவின் சம்பந்தி. தொழில், வீட்டுமனை விற்பனை.

ஆட்டிசம், கவனக்குறைபாடு என்று காதில் விழுந்தால் போதும், தெருவுக்கு நாலு வைத்தியர் முளைத்துவிடுகிறார்கள். கோதுமையை நிறுத்து, வல்லாரையை அரை, பாலை நிறுத்து, ஒட்டகப் பால் கொடு. கடைசி இரண்டையும் ஒரே வாய்தான் சொல்லும். இரும்புச்சத்து, வைட்டமின் டி குறைகிறதா என்று முதலில் ரத்தம் பார்க்கலாமே என்றால், "அதெல்லாம் டாக்டர் வேலை" என்பார்கள்.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். செக்ரிட்டின் என்பது குடலில் சுரக்கும் ஹார்மோன். அதை ஏற்றியதும் ஆட்டிசம் உள்ள மூன்று பிள்ளைகளிடம் முன்னேற்றம் தெரிந்ததாக 1998-இல் ஓர் அறிக்கை வந்தது. பெற்றோர் கூட்டம் அலைமோதியது. 1999-இல் முறையாகச் சோதித்தார்கள்: பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். ஊசியில் இருப்பது எது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு தரப்பிலுமே முன்னேற்றம் தெரிந்தது; மருந்து உப்புநீரை மிஞ்சவில்லை. முடிவைச் சொன்ன பிறகும் பெற்றோரில் 69 சதவீதம் பேருக்குச் செக்ரிட்டின் மேல் ஆர்வம் விடவில்லை. தவிக்கும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இத்தனை நல்ல பலன் காட்டிய உப்புநீரை அழகான பாட்டிலில் அடைத்து, ஆயிரம் ரூபாய் விலை ஒட்டி விற்க இன்னும் ஒருவருக்கும் தோன்றவில்லையே!