சில்க் போர்டுக்கு ரேஸ் டயரு

மாப்ளே, பெங்களூர்ல நீ பழைய பிஎம்டபிள்யூ எம்2 காரு ஒண்ணு வாங்கியிருக்கறதும், ரோட்டுக்கும் ரேஸுக்கும் சேத்து ஒரே செட்டு டயரு போடோணும்னு சோறு தண்ணி இல்லாம ரோசனை பண்றதும் உன்ர அம்மா போன் பண்ணித்தான் எனக்குத் தெரிஞ்சுது. "தம்பி, பையன் தூக்கத்துலகூட டயரு டயருன்னு பொலம்பறான், நீ ஒரு வார்த்தை சொல்லு"ன்னா. கோயமுத்தூர் செட்டிபாளையத்துல காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கற பக்கத்துலதான் என்ர தோட்டம். ஞாயித்துக்கெழமையானா டயரு கத்தற சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் தென்னைக்குத் தண்ணி கட்டறேன். எனக்குத் தெரியாதா? சொல்றேன், கேட்டுக்கோ. கேக்க மாட்டேன்னு தெரியும். இருந்தாலும் சொல்லோணும், தாய்மாமன் மொறை.

மொதல்ல உன்ர தைரியத்தை மெச்சோணும். செமி ஸ்லிக்குனு பாதி ரேஸ் டயரு போடறதாமே! டோயோ ஆர்888ஆர்னு ஒண்ணு, இல்லாட்டி மிச்செலின் கப் 2. அடேங்கப்பா! டயரோட பக்கத்துல ட்ரெட்வேர்னு ஒரு நம்பர் போட்டிருப்பான், பாத்திருப்பே. ரோட்டுல ஓட்டற மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸுக்கு 300. கப் 2க்கு 180. டோயோவுக்கு 100. நம்பர் கொறையக் கொறைய ரப்பர் மிருது, பிடி எச்சு, ஆயுசு கம்மி. அந்த ரப்பரு நல்லாச் சூடேறினாத்தான் ரோட்டைப் பிடிக்கும். உங்கூரு சில்க் போர்டு சிக்னல்ல நீ நிக்கற நிப்புக்கு டயரு எங்க சூடாகறது? கிளட்சு சூடாகும், உன்ர மண்டை சூடாகும். மார்கழி மாசம் காத்தால நந்தி மலைக்குப் போறேன்னு கெளம்புவே. அந்தக் குளிர்ல மொத வளைவுலயே அந்த டயரு என்ன பிடி பிடிக்குதுன்னு பாத்துட்டு எனக்கும் சொல்லு.

மழை பெஞ்சா இன்னும் விசேஷம். செமி ஸ்லிக்குல காடி கம்மி. தண்ணியை வாரி வெளியில தள்ளறதுக்கு வழி இல்லாம, காரு தண்ணி மேல மெதந்துக்கிட்டுப் போயிரும். ஸ்டீரிங்கைத் திருப்பினா ஸ்டீரிங் மட்டுந்தான் திரும்பும். 2022 செப்டம்பர்ல உங்க அவுட்டர் ரிங் ரோட்டுல தண்ணி ஏறினப்ப, லேப்டாப்புப் பையை மாட்டிக்கிட்டு ஐடிக்காரங்க டிராக்டர்ல ஏறி ஆபீஸுக்குப் போனாங்களே, மறந்துட்டயா? நான் டிவியில பாத்துப்போட்டு உன்ர அத்தைகிட்டச் சொன்னேன், பெங்களூருக்கு ஏத்த டயரு நம்ம கொட்டாயிலதான் நிக்குதுன்னு. வேணுமின்னா வாடகைக்குத் தாரேன். ஒறம்பரைங்கறதால டீசல் மட்டும் நீ போட்டுக்கோ.

நெசமாவே ஒரு கணக்குப் போடு. பெங்களூர்ல பொழுதுக்கும் டிராபிக்குல உருட்டறயே, அதை விட்டுரு. நல்ல டிராக்குல ஓட்டோணும்னா நீ ஒண்ணு மெட்ராஸுக்கு இக்கட்டால இருங்காட்டுக்கோட்டைக்குப் போகோணும், இல்லாட்டி இங்க வரோணும். ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் கணவாய், சேலம், அவிநாசின்னு வந்து சேர 360 கிலோமீட்டரை ஒட்டி ஆகும். திரும்பிப் போக இன்னொரு 360. இங்க டிராக்கு ஒரு சுத்து ரெண்டு கிலோமீட்டரு சொச்சம். மூச்சு முட்ட 30 சுத்து அடிச்சாலும் அறுவது சொச்சந்தான். அறுவது கிலோமீட்டர் பவுசுக்காக எழுநூறு கிலோமீட்டர் அந்த டயரைத் தேய்க்கறவனுக்கு எங்கூர்ல வேற பேரு வெப்பாங்க. ரேக்ளாவுக்குப் பூட்டற வண்டியில யாராச்சும் சந்தைக்கு மூட்டை ஏத்திக்கிட்டுப் போவாங்களா? ஒண்ணு, ரெண்டாவது ரிம்மு செட்டு வாங்கி, ரேஸ் டயரைத் தனியா எடுத்துட்டு வந்து இங்க மாட்டு. அதுக்கு டிக்கி பத்தாது, அம்மிணியைப் பஸ்ஸுல அனுப்பீரு. இல்லாட்டி, நல்ல ரோட்டு டயரையே போட்டுக்கிட்டு, காத்தையும் சக்கரத்தோட சாய்ப்பையும் சரி பண்ணி ஓட்டு. ரெண்டாவதுதான் உன்ர சம்பளத்துக்கும் நீ ஓட்டற லட்சணத்துக்கும் தோது.

டயரைச் சின்ன விசயம்னு நெனைச்சுராதே. நம்ம கோயமுத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் பார்முலா ஒன்னுல மொதமொதல்ல பாயின்ட்டு வாங்கின கதை தெரியுமில்ல? 2005 ஜூன் 19, அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ். அங்க பதிமூணாவது வளைவு ஒரு பக்கமாத் தூக்கிக் கட்டினது. முழு வேகத்துல அதுல போறப்ப மிச்செலின் டயரு தாங்காதுன்னு வெள்ளிக்கெழமையே தெரிஞ்சுபோச்சு. ரால்ப் ஷூமேக்கரு அங்கதான் செவுத்துல மோதினான். மிச்செலின்காரனே, வேகத்தைக் கொறைக்காம இந்த டயர்ல ஓட்டாதீங்கன்னு கையை விரிச்சுப்போட்டான். ஞாயித்துக்கெழமை 20 காரும் ஒரு சுத்து சுத்தி வந்துச்சு, அதுல 14 காரு நேரா உள்ள போயி நின்னுக்கிச்சு. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு காரு மட்டும் ஓடுச்சு. அதுல நம்ம பையன் நாலாவது. அஞ்சு பாயின்ட்டு. பார்முலா ஒன்னுல இந்தியாக்காரன் வாங்கின மொதப் பாயின்ட்டு. அன்னைக்கு இந்த ஊர்ல நாங்க வெடிச்ச வெடிக்குக் கணக்கே இல்லை. மீதிப் பதினாலு பேரு எங்கன்னு எவனும் கேக்கலை. ஒலகத்துலயே பெரிய டயர்காரங்கள்ல ஒருத்தனே கணக்குத் தப்பி நின்ன எடம் அது. நீ என்னடான்னா பெட்ரோல் பங்க்குல பையன் "முப்பத்தஞ்சு வெச்சாச்சு சார்"னு சொன்னாச் சரின்னு கெளம்பறே.

அதனால, லட்ச ரூவாய்க்கு டயரு வாங்கறதுக்கு முன்ன, நல்லதா ஒரு காத்து கேஜ் வாங்கு. சொந்தமா. பங்க்குல தொங்கறதை நம்பாதே. கதவைத் தொறந்தா ஓரத்துல ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், அதுல போட்டிருக்கறது டயரு ஆறிக் கெடக்கறப்ப வெக்க வேண்டிய காத்து. அதை ரோட்டுக்கு வெச்சுக்கோ. டிராக்குல அந்தக் காத்தோட எறங்கினா நாலு சுத்துலயே டயரு ஊதிப்போயி, நடுவுல மட்டும் ரோட்டைத் தொட்டுக்கிட்டு வழுக்கும். டயருக்குள்ள 5, 6 டிகிரி சூடு ஏறினா ஒரு பாயின்ட்டு, அதாவது ஒரு பிஎஸ்ஐ, காத்து ஏறும்னு கணக்கு. டிராக்குல வெரட்டினா ஏழு, எட்டு பாயின்ட்டு சாதாரணமா ஏறும். அதனால 27, 28ல ஆரம்பி. நாலஞ்சு சுத்து நல்லா ஓட்டிட்டு உள்ள வந்த ஒடனே, செல்பி எடுக்கறதுக்கு முன்னாடி, நாலையும் அள. சூட்டுல 35ஐ ஒட்டி நிக்கோணும். எச்சா இருந்தா எறக்கு. டயருக்கு டயரு இது மாறும், அந்தக் கம்பெனிக்காரன் சொல்றதையும் கேட்டுக்கோ. நாலும் ஒண்ணாவும் ஏறாது. டிராக்குல எந்தப் பக்கத்து வளைவு எச்சோ, அதுக்கு எதிர்ப்பக்கத்து டயரு எச்சாச் சூடாகும். அதுல சித்தெக் கொறைச்சே ஆரம்பிக்கோணும்.

அப்பறம் ஒரு சூட்சுமம். உங்கூரு கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டர் சொச்சத்துல இருக்குது. இந்த ஊரு 400ஐ ஒட்டி. கேஜ் காட்டறது டயருக்குள்ள இருக்கற அழுத்தம் வெளிக்காத்தை விட எத்தனை எச்சுங்கறதைத்தான். மலையெறங்கி வந்தா வெளிக்காத்து அழுத்தம் கூடும், அதனால அங்க வெச்ச 32 இங்க ஒரு பாயின்ட்டை ஒட்டிக் கொறைச்சுக் காட்டும். ஆனா அங்க காத்தால 20 டிகிரியில வெச்சிருப்பே, இங்க மத்தியானம் 36ல அளப்பே, அதுக்கு ரெண்டு மூணு ஏத்திக் காட்டும். ஏறினது எது, எறங்கினது எதுன்னு தெரியாம நீ கால்குலேட்டரைத் தட்டிக்கிட்டு நிப்பே. ஒண்ணும் வேண்டாம். வந்து நெழல்ல நிறுத்து, ஒரு மணி நேரம் ஆறவிடு, எளநி குடி, அப்பறம் இங்கயே அளந்து வை.

நைட்ரஜன் அடிக்கறேன்னு சொல்லுவே. அடி, வேண்டாங்கலை. நாம மூச்சு விடற காத்துல நூத்துக்கு 78 பங்கு அதுதான், அதைச் சும்மாவே அடிக்கறாங்க. மீதிக்குத்தான் காசு. ஈரப்பதம் இல்லைங்கறதுதான் முக்கியமான லாபம். சூட்டுக்கு அதுவும் ஏறத்தான் செய்யும்.

காத்து சரியான்னு டயரே சொல்லும். உன்ர அப்பத்தா வெத்தலைச் செல்லத்துல இருந்து சித்தெ சுண்ணாம்பைக் களவாண்டு, டயரோட வெளி ஓரத்துல, ரோட்டைத் தொடற எடத்துல இருந்து பக்கவாட்டு வரைக்கும் ஒரு கோடு இழு. டயர் ஓரத்துல சின்ன முக்கோணம் ஒண்ணு பொறிச்சிருப்பான். ரெண்டு மூணு சுத்து ஓட்டிட்டு வந்து பாரு. அந்த முக்கோணத்தையும் தாண்டிச் சுண்ணாம்பு அழிஞ்சிருந்தா, டயரு மடங்கி அடிவாங்குது, காத்து பத்தலைன்னு அர்த்தம். காசு கொழுத்திருந்தா ஊசி குத்திச் சூடு பாக்கற மீட்டரு வாங்கு. உள்பக்கம், நடு, வெளிப்பக்கம்னு மூணு எடத்துல குத்திப் பாரு. நடுவு மட்டும் சுட்டா காத்து எச்சு. வெளி ஓரம் சுட்டா சக்கரத்துக்குச் சாய்ப்பு பத்தலை.

அந்தச் சாய்ப்புக்குத்தான் கேம்பர்னு பேரு. சக்கரத்தோட தலை உள்பக்கமாச் சாஞ்சிருந்தா, வளைவுல காரு சாயறப்ப டயரு முழுசா ரோட்டுல படியும். ரேஸுக்குன்னே ஓட்டறவங்க முன்னாடி ரெண்டரை, மூணு டிகிரிகூட வெப்பாங்க. நீ ஒண்ணரை, மிஞ்சிப்போனா ரெண்டு வை. ஆனா டோவைத் தொடாதே. சக்கரம் நேராப் பாக்காம உள்ளயோ வெளியிலயோ திரும்பியிருக்கறதுதான் டோ. திருப்பத்துக்கு நல்லதுன்னு எவனோ சொன்னான்னு முன்னாடி வெளியில திருப்பி வெச்சயோ, கேம்பரும் அதுவும் சேந்து உள்பக்க ஓரத்தைத் தின்னே போடும். வெளியில நின்னு பாத்தாப் புது டயரு, குனிஞ்சு உள்ள பாத்தாக் கம்பி தெரியும். நீ என்னைக்குக் குனிஞ்சிருக்கறே?

இந்த டிராக்குப் பேர்ல இருக்கற காரிங்கறது யாருன்னு ஒரு வார்த்தை. காரிவர்தன், மில்லுக்காரக் குடும்பம். மாருதி எஞ்சினைப் போட்டு ஒத்தை சீட்டு ரேஸ் காரு கட்டி, ஒண்ணுமில்லாத பசங்களையும் ஓட்ட வெச்ச மனுசன். 1995ல சின்ன விமானம் விழுந்து போய்ச் சேந்தாரு. மாருதி எஞ்சின்ல ஓட்டியே இங்க கெட்டிக்காரனுங்க வந்தானுங்க. உனக்கு மூணு லிட்டர் எஞ்சினு பத்தலை, டயருதான் கொறைங்கறே.

டிராக்கு முடிஞ்சா கடைசிச் சுத்து மெதுவா வா. நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக்கு போடாதே. கெளம்பறதுக்கு முன்ன ஆறின டயர்ல மறுபடி ஸ்டிக்கர்ல இருக்கற காத்தை அடி. மறந்துட்டு 27ஓடயே தொப்பூர் ஏறி, ராத்திரி பெங்களூர்ல ஒரு குழியில எறக்கினயோ, 245க்கு 35ங்கற அந்தச் சப்பை டயர்ல ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல மூணு அங்குலம் சொச்சந்தான் இருக்குது. ரிம்மு கோணும், டயர் பக்கத்துல வீக்கம் வரும். வீங்கினா உள்ள நூலு அறுந்துபோச்சுன்னு அர்த்தம், அந்த டயரோட டிராக்குப் பக்கமே வராதே. வேறொண்ணு சீக்கிரம் கெடைக்கும்னும் நெனைக்காதே, 2020 ஜூன்ல இருந்து வெளிநாட்டு டயரு எறக்கறதுக்குக் கட்டுப்பாடு. கெடைச்சாலும் பக்கத்துல நாலு நம்பரைப் பாரு. 3519னு இருந்தா 2019ல முப்பத்தஞ்சாவது வாரம் செஞ்சது. "புதுசு சார்"னு கடைக்காரன் சொல்றதும் பொய்யில்லை, எவனும் ஓட்டலைதான்.

தேஞ்ச டயரு நாலையும் "மாமன் டயர் வண்டிக்கு ஆகும்"னு தூக்கிட்டு வந்துராதே. 19 இஞ்சு எந்த மாட்டு வண்டிக்கும் சேராது. உன்ர அத்தைதான் அதுல மண்ணைப் போட்டுக் கறிவேப்பிலை வெக்கறேங்கறா. முன் டயரு ரெண்டு மட்டும் கொண்டா. பின்னது 265ஆமே, எடம் அடைக்குமாம்.